எண்பத்தொன்பதாம் பக்கம்

தலையை வலது தோளில் சாய்த்து வைத்துக்கொண்டு திரையைப் பார்க்கிறார் டிலானி. முதல் நாள் கழுத்துச் சுளுக்கு என்று நினைத்து நான் பரிதாபப்பட்டேன். சுளுக்குமில்லை, ஒன்றுமில்லை. திரையில் ஒரு பக்கம் குறுக்கே கிடக்கிறது. அதன் இடது ஓரத்தில் ஓர் இலக்கம் பக்கவாட்டில் விழுந்து கிடக்கிறது. அதை நேராக வாசிப்பதற்குத்தான் இந்தச் சாய்வு. மவுஸை மயிரிழை அளவு நகர்த்துவார், மறுபடி சாய்வார், பிறகு "இப்ப இவரு ஒழுங்கா படுத்திருக்காரு" என்று சொல்லிக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போவார். யாரிடம் சொல்கிறார் என்று கேட்கக் கூடாது. பக்கத்திடம்தான் சொல்கிறார்.

பேராதனையில் கலஹா சந்தி பஸ் தரிப்பிடத்துக்குப் பின்னால் மூன்று படி ஏறினால் ரஸீனின் கடை. போட்டோக்கொப்பி, பைண்டிங், லெமினேட்டிங், டைப்செட்டிங் என்று பலகையில் எழுதியிருக்கும். உள்ளே ஒரு மேசைவிசிறி, இரண்டு கணினி, நான்கு பிளாஸ்டிக் கதிரை. பல்கலைக்கழகப் பிள்ளைகள் நாலு வருடம், ஐந்து வருடம் படித்ததையெல்லாம் ஒரு பென்டிரைவில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, முழி பிதுங்கி, இங்கேதான் வந்து நிற்பார்கள். டிலானிக்கு வயது முப்பத்தாறு. பன்விலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. உயர்தரம் வரை படித்து, கண்டியில் ஆறு மாதம் கணினி பழகி, இந்தக் கதிரையில் வந்து உட்கார்ந்து பதினான்கு வருடமாகிறது. காசுக் கட்டில் இருந்து கழன்ற ரப்பர் வளையம் ஒன்றுதான் கூந்தலுக்கு. ரொட்டியும் கட்டச்சம்பலும் காலையிலேயே கொண்டுவந்து, பத்தரைக்கே பாதியைச் சாப்பிட்டுவிடுவார்.

அவருடைய தொழில் என்னவென்று சொன்னால் சிரிப்பீர்கள். பக்கத்துக்கு இலக்கம் போடுவது. அதற்கு ஒரு ஆளா என்று நானும் ஒரு காலத்தில் கேட்டவன்தான். ஐம்பத்திரண்டு வயதில், கண்டியில் கணிதம் படிப்பித்துக்கொண்டே, முதுமாணிப் பட்டத்துக்கு ஓர் ஆய்வேடு எழுதத் துணிந்த பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. இருபத்தெட்டு வருடம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவனுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாகப் போட வரவில்லை. வீட்டில் மகள்கூடச் சிரித்தாள்.

விஷயம் இதுதான். சாதாரணப் பக்கங்கள் நெட்டுக்கு நிற்கின்றன. இடையில் பதினைந்து நிரலுள்ள அட்டவணை ஒன்று வந்துவிட்டால் அது நெட்டுக்கு அடங்காது. அந்தப் பக்கத்தை மட்டும் குறுக்கே திருப்ப வேண்டும். கணினி என்ன செய்கிறதென்றால், குறுக்குப் பக்கத்துக்கும் அதன் நீளப் பக்கத்தின் அடியிலேயே இலக்கத்தைப் போட்டுவிடுகிறது. புத்தகமாகக் கட்டினால் அந்த இலக்கம் வெளி ஓரத்தில் போய்ச் சாய்ந்து கிடக்கும். ஆய்வேடுகளைச் சரிபார்த்து வாங்குகிற அலுவலர் ஒருவர் இருக்கிறார். அவர் வாசிப்பதில்லை. பெருவிரலால் அடி ஓரத்தைப் பிடித்து விசிறியபடி விடுவார். கீழே இலக்கங்கள் ஓட வேண்டும். ஒன்று தவறினாலும் கட்டு திரும்பி வரும். என்னுடையது மூன்று தரம் வந்தது. முதல் தரம் இலக்கம் ஓரத்தில் கிடந்தது. இரண்டாம் தரம் அறுபத்தொன்றுக்குப் பிறகு ஒன்றிலிருந்து தொடங்கியது. மூன்றாம் தரம் நடுவில் ஒரு வெற்றுப் பக்கம், அதற்கும் ஓர் இலக்கம்.

மூன்றாம் தரம் தலையில் கை வைத்துக்கொண்டு ரஸீனின் கடைப் படியேறினேன். டிலானி என் கோப்பை மேலும் கீழும் ஓட்டிப் பார்த்தார்.

"சேர், நீங்க எல்லாரையும் ஒரே கயித்துல கட்டி வச்சிருக்கீங்க. ஒருத்தர திருப்பினா எல்லாரும் திரும்பத்தான செய்வாங்க. மொதல்ல கயித்த அவுக்கணும். அப்புறம் படுத்தவங்கள தனியா வச்சி, நம்பர அவங்க கால்மாட்டுல இல்லாம இடது ஓரத்துல ஒட்டணும். அப்புறம் பழையபடி கோக்கணும். இல்லாட்டி பின்னாடி நிக்கிறவங்க ஒன்னுல இருந்து எண்ண ஆரம்பிச்சிருவாங்க."

அவருக்குப் பக்கங்கள் எல்லாம் ஆட்கள். நிற்கிறவர், படுத்தவர். அச்செடுத்த பிறகு கட்டை இரண்டு உள்ளங்கைக்குள் இறுக்கிப் பிடித்து, அந்த அலுவலரைப் போலவே பெருவிரலால் விடுவார். இலக்கம் எங்காவது தவறினால் "இங்க ஒருத்தரு விழுந்துட்டாரு" என்று நிறுத்துவார். சிங்களத்தில் எழுதிய ஆய்வேடும் அவருக்கு ஒன்றுதான், ஆங்கிலமும் ஒன்றுதான். ஒரு முறை ஒரு பௌத்த தேரர் தன் ஆய்வேட்டைக் கொண்டுவந்து பக்கத்துக் கதிரையில் அமர்ந்திருந்தார். அவருக்குச் சமமாக உட்காரக் கூடாதென்று டிலானி முன்னூற்றிருபது பக்கத்தையும் நின்றபடியே சரிசெய்தார். தேரர் எவ்வளவு சொல்லியும் உட்காரவில்லை. மறுநாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்ததைப் பார்த்து ரஸீன் கேலி செய்ய, "அவரோட படுத்த பக்கமே நாப்பது, ரஸீன் நானா. நான் ஒருத்தி நின்னா என்னா" என்றார்.

வாசிப்பதில்லை என்பது அவர் விரதம். பதினான்கு வருடத்தில் எத்தனையோ நூறு ஆய்வேடு கை தாண்டிப் போயிருக்கும். ஒன்றில்கூட ஒரு பந்தியை முழுதாக வாசித்ததில்லை என்கிறார். "வாசிச்சா கை நின்னுரும் சேர்." பிழை கண்ணில் பட்டாலும் கை வைக்க மாட்டார். பார்த்தால் திருத்திவிட வேண்டியதுதானே என்று நான் வாயைக் கிளறினேன்.

"இன்னிக்கு ஒரு புள்ளி வைப்பேன். நாளைக்கு ஒரு சொல்லு வைப்பேன். அப்புறம் அது யாரு எழுதினது? எழுத்து உங்களோடது சேர். பக்கம் என்னோடது."

இவ்வளவு ஒழுங்கான மனுஷிக்குள் என்ன கிடக்கிறது என்பதை டிலானி எனக்குச் சொல்லவில்லை. என் நாலாவது அத்தியாயம் அச்சாகிக்கொண்டிருந்த ஒரு நாள், அவர் முகம் கழுவப் போயிருந்தபோது ரஸீன் சொன்னார். மூன்று வருடத்துக்கு முந்திய மழையில் அந்தத் தோட்டத்து ஆறாம் லயத்து வீட்டு வரிசையின் மேல் மலை சரிந்து விழுந்தது. நாலாம் வீட்டில் டிலானியின் தம்பி மோகனராஜும் அவர் மனைவி சர்மிளாவும் இருந்தார்கள். இரண்டு பேரும் போய்விட்டார்கள். தகப்பன் அழகையா தொழிற்சாலைக் காவலுக்குப் போயிருந்ததால் மிஞ்சினார். இப்போது அவர் டிலானியோடு கெலிஓயாவில் ஒரு வாடகை அறையில் இருக்கிறார்.

"அது மட்டுமில்ல சேர்," என்றார் ரஸீன், குரலைத் தாழ்த்தி. "அஞ்சு நாள் புள்ளையொன்டும் இரிந்திச்சி."

மழையில் பாதை உடைந்து வாகனம் போக வழியில்லாமல் கிடந்த வாரம் அது. சர்மிளாவுக்கு நாள் முந்தி வலி வந்துவிட்டது. வைத்தியசாலைக்கு இறக்க முடியவில்லை. பக்கத்து வீட்டுச் சுப்பம்மாதான் பார்த்துப் பிள்ளையை எடுத்தார். பெண் பிள்ளை. கரண்டும் இல்லை, போனில் சார்ஜும் இல்லை. படம் ஒன்றுகூடப் பிடிக்கவில்லை. மூன்றாம் நாள் மோகனராஜ் தொழிற்சாலைக்கு நடந்து போய் யாருடைய போனிலோ டிலானிக்குச் செய்தி சொன்னார். மறுநாள் அதே போனைக் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிள்ளையின் பக்கத்தில் பிடித்தார். டிலானி அந்தப் பிள்ளையை அறிந்தது அவ்வளவுதான். ஒரு நிமிடம் அழுததைக் கேட்டிருக்கிறார். அதற்கு அடுத்த நாள் விடியற்காலை மலை வந்தது. சுப்பம்மாவும் போய்விட்டார். பெரியவர்களை மண்ணிலிருந்து எடுத்தார்கள். பிள்ளையை எடுக்கவே முடியவில்லை.

பிறந்ததற்குப் பதிவு இல்லை. இறந்ததற்கு உடல் இல்லை. முப்பத்தோராம் நாள்தான் பெயர் வைப்பார்கள், ஆகவே பெயரும் இல்லை. எந்தப் பட்டியலிலும் அந்தப் பிள்ளை இல்லை. அழகையா மூன்று வருடமாக ஒவ்வொரு அரசாங்கக் கந்தோராக ஏறி இறங்கியிருக்கிறார். நட்டஈடு கேட்டு அல்ல; எழுதிக்கொள்ளுங்கள் என்று கேட்டு. பிள்ளையைக் கண்ணால் கண்டவர்களில் மிஞ்சியவர் அவர் ஒருவர். அவர் வாய்ச்சொல்லை எந்தப் படிவத்தில் ஒட்டுவதென்று அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. டிலானி அறைக்குத் திரும்பினால் கிழவர் கேட்பது ஒரே கேள்வி: "நம்ம புள்ளைய எழுதிக்கிட்டாங்களா?" கடதாசிகளோடு வேலை செய்கிற மகளுக்கு இதையெல்லாம் செய்விக்க வழி தெரியும் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார்.

டிலானி முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். நான் அட்டவணையைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன். என் ஆய்வேட்டுக்காக நான் பட்ட பாட்டை நினைக்க வெட்கமாக இருந்தது.

இனி நான் சொல்லப்போவது போன சித்திரையில், பாடசாலை விடுமுறையில் நடந்தது. என் பிரதிகளைக் கட்டி வாங்கப் போயிருந்தேன். காலை ஒன்பதே கால் இருக்கும். அக்குறணைப் பிள்ளை ஒருத்தி, ஜஹானா என்று பெயர், மூச்சிரைக்கப் படியேறி வந்தார்.

"அக்கா, இன்டைக்கி நாலு மணிக்கு முந்தி குடுக்கணும். ஏலுமா? வைவா பரீட்சையெல்லாம் முடிஞ்சி. பேஜ் நம்பர் மட்டுந்தான் பிழையாம். நாளைக்கி இன்டர்வியூ, கையளிச்ச கடிதம் இல்லாட்டி என்ன எடுக்க மாட்டாங்க."

"உக்காருங்க தங்கச்சி. எத்தன பேரு படுத்திருக்காங்க?"

ஜஹானாவுக்கு விளங்கவில்லை. குறுக்குப் பக்கம் எத்தனை என்று நான் மொழிபெயர்த்தேன். பன்னிரண்டு என்றார். ஆய்வு மண்சரிவைப் பற்றியது; பாதிக்கப்பட்ட தோட்டக் குடியிருப்புகள் மூன்றை எடுத்து, வீடு வீடாகக் கணக்கெடுத்து எழுதியிருந்தார். மண்சரிவு என்ற சொல் காதில் விழுந்ததும் ரஸீன் போட்டோக்கொப்பி இயந்திரத்துக்கு மேலாக என்னைப் பார்த்தார். நான் டிலானியைப் பார்த்தேன். டிலானி கயிற்றை அவிழ்க்கத் தொடங்கியிருந்தார். அவர் வாசிப்பதில்லையே. அந்த ஒரு தைரியத்தில் நாங்கள் இருவரும் வாயை மூடிக்கொண்டோம்.

ஆனால் அட்டவணையின் நிரல் அகலத்தைப் பார்க்காமல் விட முடியாது. எண்பத்தேழும் எண்பத்தெட்டும் குறுக்குப் பக்கங்கள், ஒரே அட்டவணை. ஒரு நிரல் ஒடுங்கிப்போய் இலக்கங்கள் இரண்டாக மடிந்து விழுந்திருந்தன. அதை அகட்டப் போனவரின் கை அப்படியே நின்றது. நான் பக்கத்துக் கதிரையில் இருந்ததால் எனக்கும் தெரிந்தது. பெயர்கள் இல்லை, பெயர் போடக் கூடாதென்பது ஆய்வு ஒழுங்கு. லயம் 6, வீடு 4. இருந்தவர்கள் 3. இறந்தவர்கள் 2.

டிலானி நிரலை அகட்டினார். இலக்கங்கள் நேராக நின்றன. அடுத்த பக்கத்துக்குப் போனார். ஒரு மணி நேரம் அவர் பக்கங்களோடும் பேசவில்லை. பன்னிரண்டு பக்கத்தையும் முடித்து, பொருளடக்கத்தையும் சரிசெய்த பிறகுதான் கதிரையைத் திருப்பினார்.

"தங்கச்சி, ஒன்னு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. எம்பத்தெட்டாம் பக்கத்துல ஆறாம் லயம், நாலாம் வீடு. அது எங்க வீடு. அங்க இருந்தது நாலு பேரு. செத்தது மூனு."

ஜஹானா முதலில் சிரிக்கப் பார்த்தார், பிறகு டிலானியின் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். டிலானி விஷயத்தை நாலு வரியில் சொன்னார். அழவில்லை. பஸ் தவறியதைச் சொல்வதுபோல் சொன்னார். அழுதது ஜஹானாதான்.

"நான் அந்தத் தோட்டத்துக்கு ரெண்டு தரம் போனேன் அக்கா. நாலாம் வீட்டுக்காரங்க ஒத்தரும் இப்ப அங்க இல்லயென்டு சென்னாங்க. லிஸ்டுல இரிந்தத எழுதினேன். ஒங்கட அப்பா இரிக்கிற எடத்த நான் ஒரு ஆளுக்கிட்டயாவது கேட்டீந்தா..."

"நீங்க என்னா செய்வீங்க. பேப்பர்ல இருந்ததத்தான எழுதுவீங்க."

ஜஹானா போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். மேற்பார்வையாளரோடு பேசினார். வெயிலில் ஒரு கையால் முக்காட்டைச் சரிசெய்தபடி நீண்ட நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். டிலானி அந்தப் பக்கம் பார்க்காமல் மேசையில் கிடந்த ஊசிகளைப் பொறுக்கி ஒரு டப்பாவில் போட்டார். பதினான்கு வருடத்தில் முதல் தடவையாக எழுத்தில் ஒரு திருத்தம் கேட்டிருக்கிறார், அதுவும் மூன்று என்ற ஒரே ஓர் இலக்கம். கிடைத்துவிட வேண்டுமே என்று நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்று மாலை அந்த அறையில், அழகையாவின் கேள்விக்கு ஒரு நாளாவது வேறு பதில் கிடைக்க வேண்டும்.

ஜஹானா திரும்பி வந்தார். "எங்கட சேர் ஏசல்ல அக்கா. அவருக்கும் கவலதான். பரீட்சகர்மாரு கையெழுத்து வெச்ச பொறகு ஒரு இலக்கமும் மாத்த ஏலாவாம். செத்தவங்க மொத்தம் பதினொன்டு என்டு நாலாம் அத்தியாயம் முழுக்க இரிக்கி. பேஜ் நம்பர மட்டும் திருத்திக் குடுங்க என்டு சென்னாரு."

"அது சரிதானேங்க," என்றார் டிலானி. "நான் கேட்டதுதான் தப்பு. நீங்க போயி ஒங்க சேர்கிட்ட கையளிக்கிற கடிதத்துல கையெழுத்த வாங்கிட்டு வாங்க. ஒரு மணிக்கெல்லாம் பிரின்ட் ரெடியா இருக்கும்."

ஜஹானா போனார். டிலானி மீண்டும் திரையின் பக்கம் திரும்பி, எண்பத்தெட்டாம் பக்கத்தின் அடியில் சுட்டியைக் கொண்டுபோய் நிறுத்தினார். ஏதோ தட்டினார். நான் என் பிரதிகளின் அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என்ன செய்தாரென்று கவனிக்கவில்லை. பொருளடக்கத்தை மறுபடி புதுப்பித்தார். இயந்திரம் ஓடத் தொடங்கியது.

ஒரு மணி தாண்டி ஜஹானா வந்து கட்டை மடியில் வைத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். எண்பத்தேழு, எண்பத்தெட்டு. அடுத்ததில் கை நின்றது.

"அக்கா, இந்தப் பக்கத்துல ஒன்டும் இல்லயே."

கடதாசி வெள்ளையாக இருந்தது. குறுக்குப் பக்கத்துக்குப் போடுகிற இடத்தில், குறுக்குப் பக்கத்துக்குப் போடுகிற விதமாக, 89 என்று மட்டும் அச்சாகியிருந்தது. ஆய்வு அடுத்த பக்கத்தில், தொண்ணூறில் தொடர்ந்தது.

இந்த மாதிரி ஒரு வெற்றுப் பக்கத்துக்காகத்தான் என் ஆய்வேடு திரும்பி வந்தது. அதைக் கண்டுபிடித்து எடுத்துத் தந்தவரே இவர்தான். டிலானியின் கையால் வெற்றுப் பக்கம் ஒன்று தெரியாமல் வரவே வராது. எனக்கு விளங்கிவிட்டது. ஜஹானாவுக்கும் ஒரு கணம் பிந்தி விளங்கியது. அவர் அந்தத் தாளை எடுத்து, இரண்டு பக்கமும் பார்த்து, எண்பத்தெட்டுக்கும் தொண்ணூறுக்கும் நடுவில் திரும்ப வைத்து, ஓரங்களைத் தட்டி நேராக்கினார்.

"இரிக்கட்டும் அக்கா. இப்பிடியே கட்டுவம். கேட்டா, தெரியாம வந்திட்டு என்டு நான் செல்றேன்."

ரஸீன் இயந்திரத்தை நிறுத்திவிட்டு நின்றார். வயது வித்தியாசம் பார்க்காமல் அந்தப் பிள்ளையைக் கும்பிட வேண்டும்போல் இருந்தது. நாளைய நேர்முகத் தேர்வை மடியில் வைத்துக்கொண்டுதான் அதைச் சொன்னார்.

டிலானி எட்டி அந்தக் கட்டை வாங்கி, உள்ளங்கைக்குள் இறுக்கி, பெருவிரலால் விட்டுப் பார்த்தார். இலக்கங்கள் ஒன்றும் விழாமல் ஓடின. எண்பத்தொன்பதும் ஓடியது. ஆனால் அந்த இடத்தில் மட்டும், இரண்டு எழுத்துப் பக்கங்களுக்கு நடுவில், வெள்ளை பளிச்சென்று தெரிந்தது.

"வேணாம் தங்கச்சி," என்றார். "அவங்க கண்டுபுடிச்சிருவாங்க. திருப்பி அனுப்பினா ஒங்க வேல போயிரும். எங்க புள்ளையால இன்னொரு புள்ளைக்கி கெடுதி வரக் கூடாது."

"அக்கா..."

"தெரியாம செஞ்சிருந்தா விடலாங்க. நான் தெரிஞ்சே செஞ்சது. கோவத்துல செஞ்சேன். ஒங்க மேல இல்ல." அவருக்குக் குரல் அப்போதுதான் உடைந்தது. "யாரு மேலன்னு எனக்கே தெரியல. எங்கயாவது அதுக்கு ஒரு எடம் இருக்கட்டும்னு தோனுச்சு. எழுத்துல கேக்க எனக்கு உரிம இல்ல. பக்கத்துலயாவது குடுக்கலாம்னு பாத்தேன்."

ஜஹானா அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். டிலானி முகத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு, கதிரையை மேசைக்கு இழுத்துப் போட்டு, ஒரு தட்டில் அந்தப் பக்கத்தை அழித்தார்.

அந்தப் பாழாய்ப்போன கணினி எவ்வளவு கச்சிதமாக வேலை செய்கிறதென்று அன்றைக்குத்தான் பார்த்தேன். தொண்ணூறாம் பக்கம் எண்பத்தொன்பதாயிற்று. தொண்ணூற்றொன்று தொண்ணூறாயிற்று. கடைசிப் பக்கம் வரை எல்லாம் ஓர் அடி முன்னால் வந்து நெருங்கி நின்றுகொண்டன. பொருளடக்கமும் மாறிக்கொண்டது. இடையில் ஒரு பக்கம் இருந்ததென்று இனி எந்தப் பரீட்சகராலும் சொல்ல முடியாது. எத்தனையோ பேருக்கு டிலானி செய்து கொடுத்தது இந்த வேலையைத்தான்; என் ஆய்வேட்டில் இதே மாதிரி அவர் ஒன்றை எடுத்தபோது நான் அப்பாடா என்று பெருமூச்சு விட்டவன்.

மணி இரண்டாகப் பத்து நிமிடம். பொருளடக்கத்தையும் எண்பத்தொன்பதிலிருந்து மிச்சத்தையும் மறுபடி அச்செடுக்க வேண்டும், நாலு பிரதி கொப்பி எடுக்க வேண்டும், கட்ட வேண்டும். ரஸீன் புதுக் கடதாசிக் கட்டைப் பிரித்தார். ஜஹானா பழைய பக்கங்களை ஒதுக்க அவருக்கு உதவப் போனார். நானும் எழுந்தேன், ஏதாவது தூக்கலாமே என்று.

எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பியிருந்தோம் என்று டிலானி நினைத்திருக்க வேண்டும். இடது கைச் சுண்டுவிரலால் ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு, இன்னொரு விரலால் பக்கத்திலிருந்த ஒன்றைத் தட்டினார். கடைசியாகச் செய்ததைச் செய்யவில்லை என்றாக்குகிற தட்டு அது. அழித்த பக்கம் திரும்பி வந்தது. பின்னால் நின்ற பக்கங்கள் எல்லாம் ஓர் இலக்கம் தள்ளிப்போய் இடம் விட்டன. திரை முழுக்க வெள்ளையாக அந்த ஒரு பக்கம் மட்டும் நின்றது. டிலானி இரண்டு கைகளையும் மடியில் போட்டுக்கொண்டு, ரஸீன் கடதாசியை ஏற்றி முடிக்கும் வரை அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதைத் திரும்ப அழித்துவிட்டுச் சேமித்தார்.